கசிவும் ஒழுக்கும்

நீரோ எண்ணெயோ தான் இருக்கும் கலத்தைவிட்டு வெளியேறுவதைக் குறிக்கத் தமிழில் பல வினைகள் உள்ளன. புதிய மண்பானையின் புறத்தே ஈரம் படர்ந்தால் நீர் கசிகிறது என்கிறோம். அது திரண்டு துளித்துளியாக விழுந்தால் சொட்டுகிறது. இடைவிடாமல் இறங்கினால் ஒழுகுகிறது. (நன்னடத்தையைக் குறிக்கும் 'ஒழுக்கம்' என்னும் சொல்லும் இவ்வினையிலிருந்து பிறந்ததே. அதனை வேறொரு பாடத்தில் காண்போம்.) வீட்டில் நாம் இவை அனைத்தையும் 'லீக்' என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். பழைய வண்டி விற்பவரும் 'கொஞ்சம் லீக், அவ்வளவுதான்' என்பார். அந்தக் 'கொஞ்சம்' கசிவா, சொட்டா, ஒழுக்கா என்பதைப் பொறுத்து வண்டியின் விலையே மாறும்.

மும்பை தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, வாஷி மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிவரப் பழைய சிறு சரக்குந்து ஒன்றை, அதாவது 'பிக்கப்' வண்டியை, வாங்க எண்ணுகிறது என்று கொள்வோம். சேமிப்பும் கடனும் சேர்ந்த பணம் அது. விற்பவர் மராத்தியில் விரைந்து பேசினால் அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல உடன் செல்பவர், உங்களைப் போன்ற பிள்ளையே. எனவே எதைப் பார்க்கவேண்டும் என்பதை நீங்களும் அறிந்திருத்தல் நன்று.

மழை பெய்து தரை நனைந்த நாளில் செல்லவேண்டா, கறை தெரியாது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுங்கள். எஞ்சினைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பத்து ஆண்டு உழைத்த வண்டியில் புழுதி இருப்பதே இயல்பு. அந்தப் புழுதிதான் நமக்குச் சாட்சி. இரவு முழுதும் நின்ற இடத்திலிருந்து வண்டியைச் சற்று நகர்த்தச் சொல்லித் தரையைப் பாருங்கள். விற்பவர் இசைந்தால், முதல்நாள் மாலையே அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துவைக்கலாம். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

கறையின் நிறமும் இடமும் பேசும். முன்பகுதியில் கறுத்துப் பிசுபிசுப்பது பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். இனிய மணம் வீசினாலும் அது நஞ்சு, நாவில் வைக்கலாகாது. பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பெட்டிக்குக் கீழே கெட்டியான, கெட்ட வாடையுடைய எண்ணெய் கிடந்தால் அது கியர் எண்ணெய். குளிர்சாதனம் உள்ள வண்டியில் நிறமும் மணமும் அற்ற நீர் சொட்டினால் அஞ்சவேண்டியதில்லை.

சக்கரத்தின் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறமான மெல்லிய எண்ணெய் வழிந்திருந்தால் நிலைமை வேறு. அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். வண்டி நிற்கும்போது எஞ்சினை இயக்கி, பிரேக் மிதியை அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்திருக்கச் சொல்லுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பிரேக் அமைப்பில் பழுது இருக்கிறது. சுமையேற்றிய வண்டி கண்டாலாவிலிருந்து கோப்போலி நோக்கிப் போர்க்காட் மலைப்பாதையில் இறங்குவதை எண்ணிப்பாருங்கள். மற்ற எண்ணெய்களில் கசிவுக்கும் ஒழுக்குக்கும் வேறுபாடு பார்க்கலாம். பிரேக் எண்ணெய் கசிந்தாலே போதும், பழுது நீக்கும்வரை அவ்வண்டியை ஓட்டலாகாது.

தரையில் துளியும் விழாத இழப்பும் உண்டு. எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பியின் நிறத்தில் குழம்பு அப்பியிருந்தால், எண்ணெயோடு நீர் சேர்கிறது. எஞ்சினுக்குள்ளே கேஸ்கட் பழுதுபட்டிருக்கலாம், செலவு பெரிது. புகைக்குழாயில் நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் உள்ளேயே எரிகிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியிலும் படுக்கலாகாது.

எஞ்சின் விளிம்பில் எண்ணெயும் புழுதியும் கலந்து கறுத்த பூச்சாக ஒட்டியிருந்தால் அது நெடுநாளைய கசிவு. அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அரைமணி நேரம் வண்டியை ஓட்டிவந்து மீண்டும் பாருங்கள். உலர்ந்தே இருந்தால் விலையைச் சிறிது குறைத்துக் கேட்டு வாங்கலாம். மீண்டும் ஈரம் திரண்டு சொட்டினால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டிச் செலவை அறிந்த பின்னரே விலை பேசவேண்டும். 'நாளைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பயிற்சி

1. கசிதல், சொட்டுதல், ஒழுகுதல், வழிதல் ஆகியவற்றை உங்கள் வீட்டுச் சமையலறையில் கண்ட நிகழ்ச்சிகளோடு பொருத்தித் தொடர் அமைக்க.

2. உங்கள் தெருவில் இரவு நின்ற வண்டி ஒன்று காலையில் சென்றபின் அவ்விடத்துத் தரையைப் பார்த்து, கறையின் நிறம், இடம், அளவு ஆகியவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக. 'லீக்' என்னும் சொல் வரலாகாது.