அப்பாவின் மௌனம்: தந்தையரின் மனச்சோர்வும் விசுவாசம் தரும் ஆறுதலும்



நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்று எம்மவரின் நோய்களைப் பற்றி எழுதினால் வீடுகளில் வாசிப்பார்கள், பேசிக்கொள்வார்கள். ஆனால் எம்மிடம் வரும் தந்தையரில் பலரை வாட்டும் ஒரு நோயைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சு எழுவதில்லை. அது மனச்சோர்வு. இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம். அதிலிருந்து மீளக் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வாறு துணைநிற்கும், எங்கே தடையாகவும் மாறிவிடும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஒரு தந்தை

கீழே வருபவர் தனி ஒருவர் அல்லர். இலண்டனில் பல ஆண்டுகளாக நாம் கண்ட பலரை ஒருவராக்கிச் சொல்கிறோம்.

வயது 52. சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. "நெஞ்சு அடைக்குது டொக்டர்" என்று வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தோம், இரத்தம் சோதித்தோம். எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த மாதம் முதுகுவலி. அதற்கடுத்த மாதம் தலையிடி. அப்போது மனைவியும் கூட வந்தார்.

"இவர் வேலையால வந்தாலும் வீட்டுக்குள்ள வாறேல்லை டொக்டர். காருக்குள்ளயே ஒரு மணித்தியாலம் இருக்கிறார். உள்ளுக்கு வந்தால் பிள்ளைகளோட எரிஞ்சு விழுறார்" என்றார்.

மனைவியைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "செத்துப்போனால் நல்லது எண்டு நினைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "ஒவ்வொரு இரவும் நினைக்கிறன்" என்றார். "மடு மாதாவுக்கும் நேர்த்தி வைச்சன். செபமாலையும் சொல்லிப் பார்த்திட்டன். கடவுளே என்னைக் கைவிட்டிட்டார் டொக்டர்."

அவருடைய நெஞ்சை அடைத்தது என்ன என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

ஆண்களில் இது எப்படித் தெரியும்?

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டிருக்கும் ஒருவரையே நாம் கற்பனை செய்கிறோம். தந்தையர் பெரும்பாலும் அழுவதில்லை. அவர்களிடம் கவனிக்க வேண்டியவை இவை:

1. சிறிய விடயத்துக்கும் கோபம், எரிச்சல்.
2. நித்திரைக் குழப்பம். குறிப்பாக அதிகாலையில் விழித்து மீண்டும் உறங்க முடியாமை.
3. காரணம் கண்டுபிடிக்க முடியாத நெஞ்சு, தலை, முதுகு, வயிற்று வலிகள்.
4. முன்னர் விரும்பிய கிரிக்கெட், பாட்டு, நண்பர்கள் எதிலும் நாட்டமின்மை.
5. மது கூடுதல். அல்லது விடுமுறையே எடுக்காமல் வேலைக்குள் மறைந்துகொள்ளல்.
6. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்ற எண்ணம், குற்றவுணர்வு.
7. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்.

மனம் சோர்ந்திருத்தல் அல்லது எதிலும் விருப்பமின்மை, இவற்றோடு மேற்சொன்னவற்றில் சிலவும் 2 வாரங்களுக்கு மேல் நாள்தோறும் இருந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் ஆண்கள். ஆகவே "ஆம்பிளை தாங்குவான்" என்ற எமது பழைய பேச்சு உயிருக்கே ஆபத்தான பேச்சு.

இளம் தந்தையருக்கும் ஒரு சொல். குழந்தை பிறந்தபின் தாய்க்கு மட்டுமே மனச்சோர்வு வரும் என்பது தவறு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குழந்தை கருவில் இருக்கும் காலத்திலும் பிறந்த முதலாண்டிலும் தந்தையரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்பட்டது.

எம்மவரின் மேலதிகச் சுமை

எந்த நாட்டுத் தந்தைக்கும் இந்நோய் வரலாம். எமது தந்தையருக்கு மேலதிகமாகச் சில சுமைகள் உண்டு. போரில் கண்டவை, காணாமற்போன உறவினர், வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த ஆண்டுகள், படித்த படிப்புக்குப் பொருந்தாத வேலை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், வீட்டிலே தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள். நாள்முழுதும் வேலைத்தலத்தில் பணிந்து நின்றவர், வீட்டிலும் தன் சொல்லுக்கு இடமில்லை என்று உணரும்போது உள்ளுக்குள் உடைந்துபோகிறார்.

சிலரிடம் உளவடுவும் சேர்ந்திருக்கும். கெட்ட கனவுகள், பட்டாசுச் சத்தத்துக்குப் பதறுதல், பழைய காட்சிகள் கண்முன் வருதல் என்பன அதன் அடையாளங்கள். இதற்குத் தனியான சிகிச்சை உண்டு.

எலியா படுத்த இடம்

"விசுவாசம் இருந்தால் இந்த நோய் வராது" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் வேதாகமத்தில் முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிக்க வேண்டும். கத்தோலிக்கர் இதை அரசர்கள் முதல் நூல் என்பர்.

எலியா பெரிய இறைவாக்கினர். உயிருக்கு அச்சுறுத்தல் வந்ததும் ஊரை விட்டு ஓடினார். உடன்வந்த வேலைக்காரனையும் வழியிலே விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குப் போய், ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டார். ஓடி வந்த எம்மில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும்!

அப்போது நடந்ததை ஒரு வைத்தியரின் கண்ணோடு பாருங்கள். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. "உன் விசுவாசம் எங்கே?" என்று கேட்கவுமில்லை. முதலில் அவர் உறங்கினார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மீண்டும் உறங்கவிட்டு, மறுபடியும் உணவு கொடுத்தான். அதன் பின்னரே பயணம். மலையை அடைந்ததும், இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி இருமுறை வருகிறது. இருமுறையும் அவர் தன் மனக்குறையை முழுவதுமாகச் சொல்கிறார், அது கேட்கப்படுகிறது. கடைசியாக, நான் ஒருவனே மிஞ்சியிருக்கிறேன் என்றவருக்கு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. செய்வதற்கு வேலையும், துணைக்கு எலிசாவும் கிடைக்கிறார்கள்.

நித்திரை, உணவு, உடலசைவு, மனந்திறந்து பேசுதல், கூட்டுறவு, அர்த்தமுள்ள பணி. இன்றும் நாம் மனச்சோர்வுக்குச் சொல்லும் வழிகளில் பல இவையே.

விசுவாசம் எங்கே உதவுகிறது?

அமெரிக்காவில் உடல்நோயோடு மனச்சோர்வும் இருந்த முதியோரிடம் நடத்தப்பட்டு 1998 இல் வெளியான ஆய்வொன்றில், உள்ளார்ந்த இறைபற்று மிகுந்தவர்கள் மனச்சோர்விலிருந்து விரைவாக மீண்டனர். 2015 இல் வெளியான இன்னோர் ஆய்வில் 132 நோயாளர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு வழமையான முறையிலும், மறு சாராருக்கு அவரவர் சமய நம்பிக்கையை இணைத்தும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. விசுவாசமுள்ள ஒருவர் தன் விசுவாசத்தோடு சிகிச்சைக்கு வரலாம், அது சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பதில்லை என்பதே இதன் பொருள்.

எமது அனுபவத்தில் உதவுபவை இவை. தேவாலயம் வாரத்தில் ஒரு நாளாவது மனிதரை வீட்டுக்கு வெளியே கொண்டுவருகிறது. சங்கீதங்களில் பல துயரப் புலம்பல்களே. அவற்றைச் செபிக்கும் ஆண்மகனுக்கு, கடவுளின் முன் அழுவதும் முறையிடுவதும் வழிபாடே என்று தெரிகிறது. மன்னிப்பு, குற்றவுணர்வோடு வாழும் மனிதருக்குப் பெரிய மருந்து. உயிர் தப்பி வந்ததையே குற்றமாகச் சுமப்பவர்கள் எம்மிடையே அநேகர்.

எங்கே தடையாகிறது?

"கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணம் பலமாக இருப்பவர்களுக்கு நோய் கடுமையாவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்த எண்ணமே நோயின் ஒரு அறிகுறியாகவும் இருக்கலாம். இதை "உனக்குள் பிசாசு" என்றோ, "செபம் போதாது" என்றோ சொல்லி அதிகரிக்கலாகாது.

"செபித்துவிட்டோம், இனிக் குளிசை வேண்டாம்" என்று நிறுத்தச் சொல்வது மிக ஆபத்தானது. நீரிழிவுக்காரர் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருப்பதும் அவ்வாறே. போதகர்களையும் பங்குத்தந்தையரையும் நாம் பணிவோடு கேட்பது இதுதான்: செபியுங்கள், பின்னர் வைத்தியரிடம் கூட்டியும் வாருங்கள்.

சிகிச்சை

வைத்தியர் முதலில் தைரொயிட், இரத்தச்சோகை, விற்றமின் குறைபாடு போன்றவற்றைச் சோதிப்பார். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதும் குறிப்பிடத்தக்கது.

மிதமான நிலைக்குப் பேச்சுச் சிகிச்சையே போதுமாகலாம். இங்கிலாந்தில் இதற்கு வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே பதிந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்து வராதீர்கள். தந்தை தன் மகளின் வாயால் தன் மரண எண்ணத்தைச் சொல்ல மாட்டார்.

குளிசைகள் பலன்தரப் பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், பதற்றம் வரலாம். குணமானபின்னும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். இவை நித்திரைக் குளிசைபோல் பழக்கத்துக்கு அடிமையாக்குவன அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தக் கூடாது, வைத்தியரின் ஆலோசனையோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நாமும்

இதை எழுதும் நாமும் விதிவிலக்கல்லர். அகதியாக வந்து, கடையில் நின்றுகொண்டே பரீட்சைக்குப் படித்து, மீண்டும் வைத்தியரானவர்கள் நாம். 2009 மே மாதத்தின் பின் பல மாதங்கள் எமக்கு நித்திரை இல்லை. ஞாயிறு தோறும் தேவாலயத்தில் இருந்தோம், ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. பிறருக்குக் குளிசை எழுதிய கை, தனக்கென ஒரு வைத்தியரிடம் நேரம் கேட்க ஓராண்டு தயங்கியது. அந்த ஆண்டில் எமது சின்ன மகள் வீட்டுப்பாடத்தை எம்மிடம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டிருந்தாள். அதைக்கூட நாம் கவனிக்கவில்லை. வெட்கம் எமக்கு எடுத்துக்கொண்டது அந்த ஒரு வருடத்தை. அது திரும்பி வராது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

"ஏன் இப்படி இருக்கிறீங்கள்?" என்று குற்றம் சாட்டுவதைவிட, "கொஞ்ச நாளாய் நீங்கள் நித்திரை கொள்ளுறேல்லை, எனக்குக் கவலையாய் இருக்கு" என்று கண்டதைச் சொல்லுங்கள். நேருக்கு நேர் இருந்து கேட்பதிலும், காரிலே அருகருகே போகும்போது கேட்பது ஆண்களுக்கு இலகு. சாகும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். உண்டென்றால் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்துக்கு 999. இங்கிலாந்தில் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் உளநல உதவி கிடைக்கும். சமாரித்தன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

சைவ வாசகர்களுக்கும் இவை யாவும் பொருந்தும். உங்கள் கோவிலும் வழிபாடும் உங்களுக்கு அதே துணையாக இருக்கட்டும்.

அந்தத் தந்தை என்ன ஆனார்? அன்றே அவருக்கு அவசர உளநலக் குழுவின் உதவி பெறப்பட்டது. குளிசை, பேச்சுச் சிகிச்சை, வாரம் ஒருமுறை பங்குத்தந்தையோடு ஒரு நடை என்று மாதங்கள் போயின. கடவுள் கைவிட்டதாக நினைத்ததையும் பங்குத்தந்தையிடமே சொன்னார். அவர் மறுத்து வாதிடாமல் கேட்டுக்கொண்டாராம். இரவு வேலையைப் பகல் வேலையாக மாற்றிக்கொண்டார். மூத்த மகனிடம், "நான் உன்னோட கத்தினது பிழை, எனக்கு வருத்தமாய் இருந்தது" என்று சொன்னார். மே மாதம் வந்தால் இன்னும் அவருக்கு நித்திரை குறைகிறது. ஆனால் இப்போது ஏப்ரல் மாதத்திலேயே எம்மிடம் நேரம் எடுத்து வருகிறார்.

உங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றும் கதவு திறக்கப்படாமல் இருந்தால், ஒரு தேநீரோடு போய்ப் பக்கத்து இருக்கையில் சற்று நேரம் இருங்கள்.