கட்டு மாற்றும் நேரத்து வலி

கேள்வி: தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் என் அண்ணன் அலறுகிறார். மார்பின் கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவார் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சும்மா படுத்திருக்கும்போது உள்ள வலி வேறு. ஒட்டிய துணியைப் பிரித்து, செத்த தோலை அகற்றிக் கழுவும்போது எழும் வலி வேறு. முன்னதற்குத் தரும் மருந்து பின்னதற்குப் போதாது. அதற்கென்று தனியாக, முன்கூட்டியே தர வேண்டும். வாய்வழி மார்பின் வேலைசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கட்டைப் பிரித்தபின் கொடுத்து என்ன பயன்? அதற்கும் அடங்காத வலிக்கு, மயக்கவியல் மருத்துவரின் கண்காணிப்பில் கீட்டமின் தரலாம். சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனையில், பனி உலகம் ஒன்றைக் கண்முன் காட்டும் மெய்நிகர் விளையாட்டு கவனத்தைத் திருப்பி வலியைக் குறைத்திருக்கிறது. ஆனால் அது மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல.

அடிமையாகும் அச்சத்துக்கு வருவோம். அமெரிக்கத் தீக்காயப் பிரிவுகளில் எடுத்து 1982இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றியது. முன்பே போதைப்பழக்கம் இல்லாதவர்களில் ஒருவர்கூட சிகிச்சையால் அடிமையானதாக அதில் பதிவாகவில்லை. ஊழியர்கள் சொன்னதை நம்பிய கணக்கு அது, முழு நிரூபணம் அல்ல. வீட்டுக்குப் போனபின் மாதக்கணக்கில் மாத்திரை தொடர்வதற்கும் அது பொருந்தாது. மார்பின் மூச்சைத் தளர்த்தும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்கிறார்கள். மருந்தையே மறுக்க அது காரணமாகாது. அடக்காத வலிக்கும் விலை உண்டு: அடுத்த கட்டை நினைத்தே பயம் ஏறும், பயம் வலியைக் கூட்டும், உடற்பயிற்சியை மறுத்தால் மூட்டு இறுகிப்போகும். அடுத்த முறை கட்டு மாற்றுவதற்கு முன்பே, சென்ற முறை வலி பத்துக்கு எத்தனை என்று அண்ணனைக் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.