திரையில் ஒரு குமிழ்: எப்படி இருந்தால் கைக்கு நிற்கும்?

பாட்டுக் கேட்கவோ குரலைப் பதிவு செய்யவோ ஓர் ஆடியோ சாஃப்ட்வேரைத் திறந்தால், ஆம்ப்ளிஃபயரில் இருப்பது போலவே திருகும் குமிழ்களும் ஏறி இறங்கும் ஸ்லைடர்களும் திரையில் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மவுஸால் பிடித்துத் திருப்பும்போதுதான் சிலவற்றின் லட்சணம் தெரியவரும். இவை எப்படி வேலை செய்கின்றன, எப்படி அமைக்க வேண்டும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எங்கள் ஊர் ஏரல். என் சித்தப்பா கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் போடுபவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி ஊருக்குள் புகுந்தபோது, அவருடைய ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் சேற்றில் மூழ்கிவிட்டன. புதிய மிக்ஸர் வாங்கக் கையில் பணமில்லை. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, அதில் ஒரு மிக்ஸர் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தேன்.

மவுஸைக் கையில் எடுத்தவர், பழக்கப்படி குமிழைச் சுற்றி வட்டம் போட்டார். சத்தத்தைக் குறைக்க இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பி அடிமட்டத்தைத் தாண்டியதும், பூஜ்யத்தில் இருந்த வால்யூம் ஒரே தாவலில் முழுதாக ஏறி ஸ்பீக்கர் அலறியது. "ஏல, இது என் கைக்கு நிக்க மாட்டேங்கு. கம்ப்யூட்டர் எனக்கு வராதுடே" என்று லேப்டாப்பை மூடிவிட்டார். முப்பது வருடம் குமிழ் திருப்பிய கை அது. தவறு கையில் இல்லை.

குமிழ் ஏன் தாவியது?

நிஜக் குமிழ் ஏறத்தாழ 300 டிகிரிதான் சுற்றும். பூஜ்யத்துக்கும் முழு அளவுக்கும் நடுவே ஒரு தடை உண்டு. அதைக் கை உணரும். மவுஸுக்கு அந்தத் தடை தெரியாது. வட்டத்தின் அடியில் உள்ள இடைவெளியைக் கடந்தவுடன் புரோகிராம் அதை மறுமுனை என்று எடுத்துக் கொள்கிறது. குமிழின் மையத்துக்கு அருகே பிடித்தால் சிறு அசைவுகூடப் பெரிய திருப்பமாகிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. படம் வட்டமாகவே இருக்கட்டும். க்ளிக் செய்து பிடித்து மவுஸை மேலே நகர்த்தினால் கூட வேண்டும், கீழே இழுத்தால் குறைய வேண்டும். முனையை எட்டியதும் அங்கேயே நின்றுவிட வேண்டும். எஃப்.எல். ஸ்டூடியோ போன்ற இசை சாஃப்ட்வேர்களின் குமிழ்கள் இப்படித்தான் இயங்குகின்றன.

பாதியில் வைத்தால் பாதிச் சத்தமா?

சித்தப்பாவுக்காக நானே ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். அதிலும் அவர் ஒரு குறை கண்டுபிடித்தார். "பாதிக்கு இறக்கினாலும் சத்தம் குறையல. அடிக்கு வந்ததும் பொசுக்குன்னு செத்துப்போகுது." ஸ்லைடரின் நடுவில் 0.5 என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். காதின் கணக்கு வேறு. அலையின் அளவைப் பாதியாக்கினால் குறைவது சுமார் 6 டெசிபல்தான். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். என் ஸ்லைடரிலோ 20 டெசிபலுக்குக் கீழே உள்ளதெல்லாம் அடியில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தது.

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வால்யூமுக்கு லாக் வகை கண்ட்ரோல், பேலன்ஸுக்கு லீனியர் வகை. அதையே சாஃப்ட்வேரிலும் செய்ய வேண்டும். ஸ்லைடரை மைனஸ் 60 டெசிபல் முதல் 0 வரை சமமாகப் பிரியுங்கள். டெசிபலை 20 ஆல் வகுத்து, வரும் எண்ணை 10-இன் அடுக்காக்கினால் பெருக்க வேண்டிய எண் கிடைக்கும். மைனஸ் 20 என்றால் 0.1, மைனஸ் 40 என்றால் 0.01. கடைசி அடிமட்டத்தை மட்டும் முழு அமைதியாக வைத்துவிடுங்கள்.

எங்கே குமிழ், எங்கே ஸ்லைடர்?

1950களின் இறுதியில் அமெரிக்காவில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் ஒலிப்பதிவாளர் டாம் டவுட், பெரிய குமிழ்களை விட்டுவிட்டு ஸ்லைடர்களுக்கு மாறினார். ஒரே சமயத்தில் பல விரல்களால் பல சேனல்களை ஏற்றி இறக்க முடிந்தது. பல அளவுகளை ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டிய இடத்தில் ஸ்லைடரே சிறந்தது. வின்ஆம்ப்பின் 10 பட்டை ஈக்வலைசர் நினைவிருக்கலாம். இடம் குறைவு, இடம் வலம் என நடுவிலிருந்து திரும்பும் வேலை என்றால் குமிழ் போதும்.

ஐந்து சோதனைகள்

1. அளவு எண்ணாகத் தெரிகிறதா?
2. நுணுக்கமாக நகர்த்த வழி உண்டா?
3. எண்ணை நேராக டைப் செய்ய முடிகிறதா?
4. பழைய அளவுக்கு எளிதாகத் திரும்ப முடிகிறதா?
5. முனையில் தாவாமல் நிற்கிறதா?

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியின் 3 வரிசைப் பதிப்பில் ஒரு பாட்டைத் திறந்து, டிராக்கின் இடப்பக்கம் உள்ள வால்யூம் ஸ்லைடரைப் பாருங்கள். மைனஸ் 36 முதல் பிளஸ் 36 டெசிபல் வரை செல்லும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி இழுத்தால் மெதுவாக நகரும். டபுள் க்ளிக் செய்தால் எண்ணை டைப் செய்யும் பெட்டி வரும். சோதிக்கும்போது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் திருத்திய பிறகு சித்தப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். ஒரு பாட்டை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இறக்கினார். "இப்பச் சரியா இருக்குடே" என்றார். அந்த ஆடி அமாவாசைக்கு அதே லேப்டாப்பில்தான் செட் போட்டார்.

உங்கள் திரையில் ஒரு குமிழ் சொன்னபடி கேட்கவில்லையென்றால், நமக்குக் கம்ப்யூட்டர் வராது என்று மூடிவிடாதீர்கள். முதலில் குமிழைச் சோதித்துப் பாருங்கள்.