சம்பாஷணைக்குச் சலனம் தருவது எப்படி?

நூறு பேர் கூடிய ஓர் இணையக் குழுவில் யார் ஓயாமல் பேசுகிறார், யார் மௌனமாயிருக்கிறார், எவருடைய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை என்பதையெல்லாம், செய்திகளை வரிவரியாகப் படித்து அறிவது துர்லபமாயினும், அசைவைக் கண்டுகொள்ளும் சக்தி கண்ணுக்கு, அதிலும் கடைக்கண்ணுக்கு, இயல்பாகவே வாய்த்திருப்பதால், அந்தக் குழுவைச் சலிக்கும் சித்திரமாக்கிவிட்டால் அவை நொடியில் புலனாகும்.

முதலில் ஒவ்வொரு செய்திக்கும் எழுதியவர், நேரம், எதற்குப் பதில் என்ற மூன்று விவரங்களைச் சேகரியுங்கள். குழுவினரின் சம்மதம் பெற்று, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இடுங்கள்.

அடுத்து, கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-ல் தொடங்கிய ‘ப்ராசசிங்’ என்னும் இலவச மென்பொருளில் ஒரு பெரிய வட்டமும், அதற்குள் ஆளுக்கொரு புள்ளியும் வரையுங்கள். பேசுகிறவருடைய புள்ளி மையத்தை நோக்கி வரவும், பேச்சு நின்றதும் மெல்ல மெல்ல விளிம்புக்கு ஒதுங்கவும் வேண்டும். இந்த ஏற்பாடு புதிதன்று. 1990-களின் இறுதியில் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்களான தாமஸ் எரிக்சனும் வெண்டி கெல்லாக்கும் ‘பாபிள்’ என்ற அரட்டை மென்பொருளில் இதைக் கையாண்டார்கள். ஒதுங்கும் வேகத்தை நிர்ணயிப்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது: நிமிஷத்துக்கு நிமிஷம் பேசும் குழுவில் அரைமணி மௌனமே நீண்டது; வாரம் ஒருமுறை கூடும் குழுவிலோ மூன்று நாள் மௌனமும் சாதாரணம்.

பதில் எழுதும்போது ஒரு புள்ளி மற்றொன்றை நோக்கிச் சற்றே சாய்ந்து மீளட்டும். சேர்ந்து அசைபவற்றைக் கண் ஒரே கூட்டமாகக் கருதும் என்று மனோதத்துவ அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே விளக்கியிருப்பதால், ஒரே விவாதத்தில் ஈடுபட்டோருக்கு மட்டும் ஒரே தாளகதியை அளியுங்கள். செய்திகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக வேண்டியது புள்ளியின் பரப்பளவே. ஆரத்தைப் பெருக்கினால் வாயாடிகள் ராட்சதர்களாகிவிடுவார்கள். மினுமினுப்பு வேண்டவே வேண்டாம். நிறுத்திப் பார்க்கப் பொத்தான் ஒன்று அவசியம்.

இனி ஓர் எச்சரிக்கை. 1944-ல் ஹைடர், சிம்மல் என்ற மனோதத்துவ அறிஞர்கள் இரு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் குறும்படத்தைக் காட்டியபோது, முதல் சோதனையில் பார்த்த 34 பேரில் ஒருவர் நீங்கலாக அனைவரும் அவ்வுருவங்களை உயிருள்ளவையாகவே பாவித்தார்கள். ஆகையால், விரைந்து எழுதிய பதிலைக் குறிக்க நீங்கள் வைத்த பாய்ச்சலைப் பார்ப்பவர் ஆத்திரமென்றே கொள்ளக்கூடும். சித்திரம் முடிந்ததும், குழுவை அறியாத ஒருவரிடம் காட்டி, இவற்றில் எது கோபமாயிருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்காமல் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டி, அதற்குரிய செய்திகளிலோ கோபம் இல்லையென்றால், அதன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.