கூண்டா, வளையா? – ஹாம்ஸ்டருக்கு ஒரு வீடு



சென்ற மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவள் மகள் கயல்விழி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எங்கள் பொன்னி இராத்திரி முழுவதும் கூண்டின் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். வயிறு நிறையத் தீனி வைத்தும் நிறுத்தமாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும்?"

பொன்னி என்பது பத்து நாள்களுக்கு முன் வாங்கப்பட்ட ஒரு சிரிய ஹாம்ஸ்டர். பொன்னிறமும் குட்டை வாலும் கொண்ட கொறிக்கும் பிராணி. அதனுடன் கடைக்காரர் விற்ற கூண்டையும் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக், நாற்புறமும் கம்பி, இரண்டு மாடி, ஏணி, ஒரு சுழல் சக்கரம் என்று கண்ணைக் கவரும்படி இருந்தது. ஆனால் கூண்டில் வாழப்போவது நம் கண் அல்லவே! "ஓர் அளவுநாடாவும் ஒரு வெப்பமானியும் கொண்டு வா. பொன்னிக்கு என்ன வேண்டும் என்பதை அளந்தே கண்டுபிடிப்போம்" என்றேன்.

பொன்னியின் சொந்த ஊர்

எந்தப் பிராணிக்கும் வீடு தேர்ந்தெடுக்கும் முன், அது தானாகக் கட்டிக்கொள்ளும் வீடு எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும். பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியா நாட்டின் அலெப்போ நகரைச் சுற்றிய சமவெளி. 1839-இல் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கில விலங்கியலறிஞர் இதை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். 1930-இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஹரோனி என்பவர் அலெப்போ அருகே ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்களே. அக்குட்டிகளில் சில, தம்மை அடைத்த கூண்டின் மரத்தாலான அடிப்பகுதியைக் கொறித்து ஓட்டையிட்டுத் தப்பிவிட்டன என்பது வரலாறு. கூண்டுக்கு மெல்லிய பலகை உதவாது என்ற பாடத்தை அவை அன்றே கற்பித்துவிட்டன.

அலெப்போ வயல்களில் இவற்றின் வளைகளைத் தோண்டி அளந்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியாயிற்று. வளைகளின் ஆழம் 36 செ.மீ. முதல் 106 செ.மீ. வரை, சராசரி 65 செ.மீ. ஒரு வளையில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றே ஒன்றுதான். ஆகவே வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடும் சண்டை மூளும். ஒரு கூண்டுக்கு ஒரு ஹாம்ஸ்டர் என்பதே விதி.

இனிப் பொன்னியின் கூண்டை அளப்போம்.

முதல் அளவு: தரையின் பரப்பளவு

கடைக் கூண்டின் நீளம் 35 செ.மீ., அகலம் 25 செ.மீ., உயரம் 45 செ.மீ. தரைப்பரப்பு 35 × 25 = 875 சதுர செ.மீ. ஜெர்மன் நாட்டு விலங்குநலக் கால்நடை மருத்துவர்கள் கூறும் குறைந்த அளவு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம்; அதாவது தரைப்பரப்பு 5,000 சதுர செ.மீ. பொன்னிக்குக் கிடைத்தது அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

"மாடி இருக்கிறதே, மாமா" என்றாள் கயல்விழி. மாடியையும் சேர்த்தாலும் 1,750 சதுர செ.மீ.தான், மூன்றில் ஒரு பங்கு. மேலும் ஹாம்ஸ்டர் மரமேறும் அணிலன்று. தரையில் ஓடும் பிராணி. அதற்குக் கண்பார்வை மங்கல். உயரத்தைச் சரியாக மதிப்பிடத் தெரியாது. 40 செ.மீ. உயரத்திலிருந்து தவறி விழுந்தால் அது தரையைத் தொடும் வேகம் என்ன? v² = 2gh என்ற வாய்பாட்டின்படி வினாடிக்கு 2.8 மீட்டர். அந்த வேகத்தில் கம்பித் தரையில் விழுந்தால் மெல்லிய கால் கம்பிகளுக்கிடையே சிக்கி முறியக்கூடும். கூண்டை வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காமல் தரையை அளவிடுக.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11-இன்படி, ஒரு விலங்கு ஓரளவேனும் நடமாட முடியாத நீள, அகல, உயரம் கொண்ட கூண்டில் அதை அடைத்து வைப்பது வதையாகும்.

இரண்டாவது அளவு: படுகையின் ஆழம்

கடைக் கூண்டின் அடித்தட்டில் 4 செ.மீ. ஆழத்துக்கு மரச்சீவல் பரப்பியிருந்தது. 65 செ.மீ. தோண்டும் பிராணிக்கு 4 செ.மீ.! சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழமுள்ள படுகைகளில் தனித்தனியே வளர்த்துப் பார்த்தனர். 10 செ.மீ. படுகையில் இருந்தவையே கம்பியை மிக அதிகமாகக் கடித்தன. கூண்டின் பரப்பை மாற்றிச் செய்த இன்னோர் ஆய்வில், சிறிய கூண்டில் இருந்தவை பெரிய கூண்டில் இருந்தவற்றைக் காட்டிலும் நெடுநேரம் கடித்தன. ஆனால் பெரிய கூண்டிலும் கடித்தல் அடியோடு நின்றுவிடவில்லை.

கயல்விழியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? பொன்னி கம்பியைக் கடித்தது பசியால் அன்று. ஓடவும் தோண்டவும் இடமில்லாத தவிப்பே அது.

ஆகவே படுகை குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும்; இயன்றால் 40 செ.மீ. அச்சிடாத காகிதத் துணுக்குகளும் உலர்ந்த புல்லும் கலந்து அழுத்தினால் சுரங்கம் சரியாமல் நிற்கும். வாசனை வீசும் மரச்சீவல் கூடாது. அதன் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும்.

மூன்றாவது அளவு: சக்கரத்தின் விட்டம்

ஹாம்ஸ்டர் ஓர் இரவில் சில கிலோமீட்டர் தூரம் சக்கரத்தில் ஓடக்கூடியது. எனவே சக்கரம் வேண்டும். ஆனால் எவ்வளவு பெரியது? நீங்கள் படித்த வடிவகணிதமே போதும்.

ஓடும் ஹாம்ஸ்டரின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 12 செ.மீ. என்று கொள்வோம். சக்கரத்தின் வட்டத்தில் இந்த 12 செ.மீ. ஒரு நாண். நாணின் நடுவிலிருந்து வட்டத்தின் வில்லுக்குள்ள தூரமே, சமதரையோடு ஒப்பிட்டால், தளம் எவ்வளவு குழிந்துள்ளது என்பதைக் காட்டும். பிதாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால்:

விட்டம் 15 செ.மீ. எனில் குழிவு 3 செ.மீ.
விட்டம் 20 செ.மீ. எனில் குழிவு 2 செ.மீ.
விட்டம் 28 செ.மீ. எனில் குழிவு சுமார் 1.35 செ.மீ.

கடைக் கூண்டின் சக்கரம் 15 செ.மீ. அதில் ஓடும்போது பொன்னி தலையை நிமிர்த்தி, முதுகைப் பின்புறமாக வளைத்து ஓடுவதைக் கண்ணால் கண்டோம். மணிக்கணக்கில் இப்படி ஓடினால் முதுகெலும்பு என்னாகும்? சிரிய ஹாம்ஸ்டருக்கு 28 செ.மீ. அல்லது அதற்கும் மேற்பட்ட விட்டமே தகும். ஓடும் தளம் கம்பியாக இல்லாமல் இடைவெளியற்றதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். கூண்டின் உயரம் 50 செ.மீ.; படுகை 25 செ.மீ. என்றால் மிச்சம் 25 செ.மீ.தான். 28 செ.மீ. சக்கரம் எப்படி நிற்கும்? படுகையை ஒரு கோடியில் ஆழமாகவும் மறுகோடியில் 10 செ.மீ. ஆகவும் சரித்து அமைத்து, தாழ்ந்த பக்கத்தில் சக்கரத்தை வைக்கலாம். கூண்டு வாங்கும்போதே இந்தக் கூட்டலையும் கழித்தலையும் செய்துவிட வேண்டும்.

நான்காவது அளவு: கம்பி இடைவெளி

தலை நுழைந்தால் உடலும் நுழையும்; இது கொறிக்கும் பிராணிகளின் இயல்பு. வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டருக்குக் கம்பி இடைவெளி 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உருவில் சிறிய குள்ள ஹாம்ஸ்டர் வகைகளுக்கு அதுவும் அதிகம். உங்கள் பென்சிலே இதற்கு நல்ல அளவுகோல். அதன் தடிமன் ஏறத்தாழ 7 மி.மீ. கம்பிகளுக்கிடையே பென்சில் தாராளமாக நுழைந்தால் குள்ள ஹாம்ஸ்டருக்கு அந்தக் கூண்டு ஆகாது.

ஐந்தாவது அளவு: வெப்பநிலை

இதுவே நம் ஊருக்கு மிக முக்கியமானது. ஆய்வுக்கூடங்களில் ஹாம்ஸ்டர்களுக்கு விதிக்கப்பட்ட வெப்பநிலை 20° முதல் 26° செல்சியஸ். நம் கோடையோ 40°-ஐத் தொடுகிறது. அலெப்போவிலும் கோடை கடுமைதான். ஆனால் அங்கே மண்ணுக்கடியில் குளிர்ந்த வளை உண்டு.

ஹாம்ஸ்டரின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37°. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, உடல் வெப்பத்தை இழக்கும் வீதம், உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. காற்று 24° எனில் வேறுபாடு 13°. காற்று 34° எனில் வேறுபாடு வெறும் 3°. வெப்பம் வெளியேறும் வீதம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது! 37°-ஐத் தாண்டினால் வெளிவெப்பமே உள்ளே பாயும்.

"மின்விசிறியைப் போட்டால் போதாதா?" என்று என் தங்கை கேட்டாள். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அதன் கீழ் உலர்ந்த வெப்பமானியை வைத்துப் பாருங்கள், அளவு குறையாது. நம் தோலின் வியர்வையை விரைந்து ஆவியாக்குவதால்தான் நமக்குக் குளிர்ச்சி. ஹாம்ஸ்டருக்கு நம்மைப் போல் வியர்ப்பதில்லை. விசிறி அறையின் தேங்கிய காற்றை மாற்ற உதவும்; பொன்னியை வெப்பத்திலிருந்து காப்பாற்றாது.

பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டில் மூன்று இடங்களில் வெப்பமானியை வைத்தோம். கூண்டு இருந்த சன்னலோரத்தில் 37°. கூடத்தின் நடுவில் 33°. உள்ளறையின் தரையோரம் 30°. சன்னலோரத்திலிருந்து கூண்டை அப்போதே எடுத்துவிட்டோம். முழுவதும் கண்ணாடியாலான தொட்டி என்றால் வெயில்படும் இடத்தில் இன்னும் ஆபத்து. ஒளி உள்ளே நுழைந்து பொருள்களைச் சூடேற்றும். சூடான காற்றோ எளிதில் வெளியேறாது.

அப்படியானால் எந்த வகைக் கூண்டு? முழுக் கம்பிக் கூண்டில் காற்று நன்கு வரும். ஆனால் ஆழமான படுகை நில்லாமல் சிதறும். முழுக் கண்ணாடித் தொட்டியில் படுகை நிற்கும், காற்றோட்டம் குறைவு. இரண்டையும் இணைப்பதே நமக்கு ஏற்றது. உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய மீன்தொட்டி ஒன்று கிடைத்தது: 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதன்மேல் 25 செ.மீ. உயரத்துக்கு, 1 செ.மீ. கண்ணுள்ள வலையாலான மேற்கூடு ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினோம். தொட்டி மட்டுமே பல கிலோ எடை. ஆதலால் அதை மேசையில் ஏற்றாமல் உள்ளறையில் தாழ்வான, உறுதியான பலகையின் மேல் வைத்தோம்.

கடும் வெயில் நாள்களில், குளிர்பெட்டியில் உறைய வைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு கோடியில் வைக்கிறார்கள். உள்ளே ஒரு கடப்பைக் கல் துண்டும் உண்டு. கல் படுகையைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும் ஆதலால், அதன்மேல் படுக்கும் பொன்னியின் உடல் வெப்பம் கல்லுக்குச் செல்லும். குளிர்ந்த பக்கமா, மறுபக்கமா என்று முடிவு செய்வது பொன்னியின் உரிமை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மே மாதத்திலும் ஓர் அறையையாவது 30°-க்குக் கீழே வைத்திருக்க உங்கள் வீட்டில் இயலாது என்றால், ஹாம்ஸ்டர் வாங்காமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் பேருதவி. ஆகவே முதலில் வெப்பமானி, பிறகு கூண்டு, கடைசியில்தான் ஹாம்ஸ்டர். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மூன்று வாரம் கழித்துக் கயல்விழி தொலைபேசியில் பேசினாள். "கம்பி கடிப்பது மிகவும் குறைந்துவிட்டது, மாமா. ஆனால் ஒரு குறை. பொன்னி எப்போதும் மண்ணெலி மாதிரி உள்ளேயே இருக்கிறாள், பார்க்கவே முடிவதில்லை!"

"நல்லது. இப்போதுதான் அவள் வீட்டில் இருக்கிறாள்" என்றேன்.

செய்து பாருங்கள்

1. காம்பஸ் கொண்டு 7.5 செ.மீ., 10 செ.மீ. ஆரமுள்ள வட்ட விற்களை வரைக. ஒவ்வொன்றிலும் 12 செ.மீ. நாண் வரைந்து குழிவை அளந்து, மேலே கண்ட கணக்கோடு ஒப்பிடுக.

2. 28 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 1 கிலோமீட்டர் ஓட எத்தனை முறை சுழல வேண்டும்? 15 செ.மீ. சக்கரம் எனில் எத்தனை முறை?

3. உங்கள் வீட்டில் நான்கு இடங்களில் காலை, பிற்பகல், இரவு வெப்பநிலைகளை ஒரு வாரம் குறித்து வரைபடம் வரைக. எந்த இடத்தில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு? ஏன்?