காக்கர் நாயின் காதில் எண்ணெய் விடலாமா?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் இரண்டரை வயது காக்கர் ஸ்பேனியல் இருக்கிறான். சில வாரங்களாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறான்; வலது காதைச் சோபாவில் வைத்துத் தேய்க்கிறான். மடலைத் தூக்கினால் புளித்த வாடை, உள்ளே அரக்கு நிறத்தில் அழுக்கு. தோட்டத்தில் வளர்ந்த என் மாமியார், பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக விடச் சொல்கிறார். போன வருடம் இதேபோல் வந்தபோது வாங்கிய சொட்டு மருந்தும் பாதிப் புட்டி மிச்சம் இருக்கிறது. எதை விடலாம்?

– வாசகி, பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி

பதில்: இரண்டையுமே விடாதீர்கள், அம்மா. கிளினிக்கில் காட்டும்வரை அந்தக் காதுக்குள் எதுவும் போகக் கூடாது.

நாயின் காதுக்குழாய் நம்முடையதுபோல் நேராக உள்ளே போவதில்லை. ‘ட’ எழுத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழே இறங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்புகிறது அல்லவா? அப்படித்தான் இருக்கும். செவிப்பறை அந்தப் படுத்த கோட்டின் கடைசியில் இருக்கிறது. மேலே தெரியும் அழுக்கைத் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். நோய் திருப்பத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும். பஞ்சுக்குச்சி விட்டால் அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

காக்கருக்கு மெழுகு சுரக்கும் சுரப்பிகளும் அதிகம், முடியும் அதிகம். அதன்மேல் கனத்த மடல் மூடிக் கிடக்கிறது. கெடாவின் புழுக்கத்தில், அதுவும் மழை மாதங்களில், உள்ளே ஈரம் காய்வதே இல்லை. ஆரோக்கியமான பல நாய்களின் காதிலும் கொஞ்சமாக இருக்கும் மலசேசியா என்ற ஈஸ்ட் அங்கே பெருகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் புளித்த வாடையும் அரக்கு நிறமும் அதைத்தான் காட்டுகின்றன. மஞ்சளாகச் சீழ் வடிந்தால் பாக்டீரியா, உலர்ந்த கருந்துகள் உதிர்ந்தால் காதுச் சிற்றுண்ணி என்று சந்தேகிப்போம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. பஞ்சில் கொஞ்சம் ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தச் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. தோட்டத்து நாய்களுக்குப் பெரும்பாலும் விறைத்த காது; காற்று தானாகப் போய் வரும். காக்கரின் காதில் எண்ணெய் விட்டால் மெழுகோடு குழைந்து அடைத்துக்கொள்ளும், ஈரத்தையும் உள்ளேயே நிறுத்திவிடும். புண்ணான தோலில் பூண்டு எரிச்சலைத்தான் கொடுக்கும். பழைய சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே பறித்துவிடலாம். செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் எந்த மருந்தையும் எழுதித் தருவார்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, மடல் திடீரென்று உப்பிக்கொண்டாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டும் நோய் உள்காதுக்குப் போயிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. மூன்றாவது, ஓயாமல் உதறியதில் மடலுக்குள் ரத்தம் கட்டியிருப்பது.

காது ஆறிய பிறகு சுத்தம் செய்யும் முறை இது. நாய்க் காதுக்கென்றே விற்கும் கழுவு திரவத்தை மட்டும் வாங்குங்கள். வினிகர், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். மடலைத் தூக்கிப் பிடித்துக் குழாய் நிறைய ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து அரை நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்டால் திரவம் திருப்பம்வரை போய்விட்டது. பிறகு விட்டுவிடுங்கள், அவனே உதறி மேலே கொண்டுவருவான். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். வாரம் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். வாடை இல்லாத காதை அடிக்கடி கழுவினாலும் புண்ணாகும். குளிப்பாட்டியதும் மடலின் உட்புறத்தை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். காதின் உட்புற முடியைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். செம்பனைப் பக்கம், புல்வெளிப் பக்கம் போய் வந்தால் மடலின் மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வலிக்கும் காதைத் தொட்டால் சாதுவான நாயும் கடிக்கும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறந்துவிடக் கூடாது. அவனுக்கு அந்தத் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ‘போன வருடம் இதேபோல்’ என்ற வார்த்தைகள்தான். திரும்பத் திரும்ப வரும் காதுநோய்க்குப் பின்னால் பெரும்பாலும் தோல் ஒவ்வாமை இருக்கும். பாதத்தை நக்குகிறானா, வயிற்றுத் தோல் சிவக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். உணவைச் சந்தேகித்தால் எட்டு வாரம் குறிப்பிட்ட ஒரே உணவு மட்டும் கொடுக்கச் சொல்வார். அந்த எட்டு வாரமும் ரொட்டி சானாய்த் துண்டோ கோழி எலும்போ யாரும் போடக் கூடாது, மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். டாக்டர் புதிதாகத் தரும் சொட்டு மருந்தை வாடை போனதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை விட்டு, மறுபடி கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஈஸ்ட் அடங்கியிருந்தால்தான் காது ஆறியதாகக் கணக்கு.