படுப்பதும் கிடத்துவதும்



ஆங்கிலத்தில் 'மனிதருக்கு லை (lie), பொருளுக்கு லே (lay)' என்று ஒரு கையேட்டில் படித்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியை இப்போதே அடித்துவிடு. மேசைமேல் புத்தகம் கிடக்கிறது என்பதற்கும் லைதான் வரும். தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினால், கிடப்பது மனிதப் பிள்ளையே ஆனாலும், லேதான் வரும். கோழி முட்டையிடுவதும் கொத்தனார் செங்கல் வைப்பதும் லே. ஆள், பொருள் என்ற பேதத்துக்கு இங்கே வேலையே இல்லை. தானே கிடப்பது லை, இன்னொன்றைக் கிடத்துவது லே; பள்ளியில் நீ படித்த தன்வினையும் பிறவினையும்தான். 'எதை?', 'யாரை?' என்று கேட்டுப் பார், பதில் வந்தால் லே.

திருந்து, திருத்து என்றும் அடங்கு, அடக்கு என்றும் நாம் மெல்லினத்தை வல்லினமாக்கிப் பிறவினை செய்கிறோம். ஆங்கிலம் வந்த பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் அந்த வேலையை உயிரொலி செய்தது. சிட் என்றால் உட்கார், செட் என்றால் இருத்து. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. இவற்றில் எனக்கு மிகப் பிடித்த இணை ட்ரிங்க் (drink), ட்ரெஞ்ச் (drench). ட்ரெஞ்ச் என்றால் தொப்பலாக நனைப்பது என்றே நீ அறிந்திருப்பாய்; அதன் ஆதிப் பொருள் குடிக்கச் செய்வது. ஆட்டின் வாயைத் திறந்து குடற்புழு மருந்தை உள்ளே விடுவதை ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இன்றும் ட்ரெஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். மூங்கில் கொட்டத்தில் மாட்டுக்கு மருந்து புகட்டுகிறோமே, அதே வேலை. குடி, புகட்டு என்று நாம் இரு சொல் வைத்திருக்கும் இடத்தில் அவர்கள் ஒரே வேரை வளைத்துக்கொண்டார்கள். இந்தக் குடும்பத்தைக் கண்டவன் லையையும் லேயையும் ஆள், பொருள் என்று கூறுபோட மாட்டான்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லையின் இறந்தகாலமும் லேதான். நேற்று நாய் திண்ணையில் படுத்துக் கிடந்தது என்றால் லே. நேற்று கொத்தனார் கல் வைத்தார் என்றால் லெய்ட். லை, லே, லேன் ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் இன்னொரு வரிசை. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பொய் சொல்வதற்கான லை வேறு சொல், அதை இங்கே இழுக்காதே.

ஆங்கிலேயரே கலந்து பேசுகிறார்களே என்பாய். பேசுகிறார்கள், 14ஆம் நூற்றாண்டிலிருந்தே. இலக்கணக்காரர்கள் கண்டிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குப் பிறகும் 1818இல் கவிஞர் பைரன் 'சைல்ட் ஹெரால்ட்' நெடுங்கவிதையின் நான்காம் காண்டத்தில், இயைபுக்காக, லை நிற்கவேண்டிய இடத்தில் லேயை நிறுத்தினார். 1969இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அப்படிப்பட்ட லேயைப் பாட்டுக்குத் தலைப்பாகவே வைத்தார். ஆகவே யாராவது அப்படிப் பேசினால் திருத்தப் போகாதே. தேர்வுத் தாளில் மட்டும் பிரித்து எழுது. ஆனால் அந்த வழக்கு உன் கையேட்டுக்குச் சாட்சி ஆகாது. கலந்து பேசுகிறவர்கள் லே என்று சொல்வது, படுத்துக் கிடக்கும் மனிதரையும்தான்.